தலையில் அடிபட்ட பிறகு: வீட்டையும் போனையும் போனுக்குள் இருக்கும் நண்பர்களையும் சமாளிப்பது எப்படி

நெல் காயப்போட்டிருந்த சாலையில் வண்டி சறுக்கியது. அறுவடை நேரத்தில் டெல்டா பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், களம் கிடைக்காதவர்கள் தார்ச்சாலையில் பாதியை எடுத்துக்கொண்டு நெல்லைப் பரப்பி ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள், பொழுது சாய்ந்தால் நெல்லும் தெரியாது கல்லும் தெரியாது. 2019 தை மாதம், பாபநாசத்துக்குப் பக்கத்தில். நான் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட் வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர் தலையில் இருந்தது. எனக்கென்று ஒன்று வீட்டில் வாங்கியதே இல்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு நெற்றிக்குள் ரத்தக்கட்டு. அடுத்த 12 நாள் என் கணக்கிலேயே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகி, தையல் பிரித்து, முடி வளர்ந்து, பார்க்கப் பழைய ஆள் மாதிரியே இருந்துகொண்டு உள்ளே மட்டும் ஏதோ கழன்றுபோன மாதிரி இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளம். அடிபட்டவர்கள் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், தலை கனத்தால் நிறுத்திவிட்டு நாளைக்கு வாருங்கள்.

முதலில், என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுக்கு வந்த முதல் மாதம் விசாரிக்க வருகிறவர்கள் கூட்டம்தான். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, "நல்லாத்தானே இருக்கே, ஏதோ தெய்வாதீனம்". நடக்கிறாள், பேசுகிறாள், அதனால் சரியாகிவிட்டாள் என்பது அவர்கள் கணக்கு. 10 நிமிடம் தாண்டினால் எதிரில் இருப்பவரின் வாயசைவு மட்டும் தெரிகிறது, வார்த்தை உள்ளே போகவில்லை என்பதை யாரிடம் காட்டுவது?

மருத்துவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தலை மோதி நின்றாலும் உள்ளே மூளை உடனே நிற்பதில்லை, முன்னால் போய் மண்டை எலும்பின் கரடுமுரடான உட்புறத்தில் உரசுகிறது. அதனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் பொட்டு, அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடம், அந்தப் பக்கத்துப் பகுதியும்தான் பெரும்பாலும் அடி வாங்குகின்றன. ஒரு வேலையைத் தொடங்குவது, நிறுத்துவது, வரிசைப்படுத்துவது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவது, இதெல்லாம் நெற்றிப் பக்கத்து வேலை. ஞாபகம் பொட்டுப் பக்கம். "எந்நேரமும் சும்மா உக்காந்திருக்கா" என்று உறவுக்காரர்கள் சொன்னதும், "முன்னெல்லாம் இப்படி வெடுக்குனு பேசமாட்டா" என்று அத்தை சொன்னதும் ஒரே காயத்தைத்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்று சிலர் குழம்புவார்கள். மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டிருந்தால் சாதாரண சி.டி. ஸ்கேனில் தெரியாமலே போகலாம்.

முதல் ஆறு மாதம் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாகும். மெதுவானதும் இவ்வளவுதான் போல என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. 7 புள்ளி, ஊடுபுள்ளி வைத்து 4-இல் முடிக்கும் சாதாரணக் கோலம், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் முன்பெல்லாம். வந்த புதிதில் புள்ளி வைத்துவிடுவேன், கோடு மூன்றாவது வளைவில் எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாமல் மாவு கையிலேயே நிற்கும். அது திரும்ப வந்தது மூன்றாவது வருஷம்.

ஒரு நாளைக்கு ஒரு படி அரிசிதான்

களைப்பு பற்றி யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். முன்பு தெருச் சத்தத்தை வடிகட்டுவது, பேசிக்கொண்டே காய் நறுக்குவது எல்லாம் தானாக நடந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் மூளை தனியாக உழைக்கிறது. மிக்ஸி, டிவி, பிள்ளைகள், வாசலில் மீன்காரர் எல்லாம் ஒரே அளவுச் சத்தமாக உள்ளே வருகின்றன. காலையில் நமக்கு ஒரு படி அரிசி அளந்து கொடுத்திருக்கிறார்கள், அதற்குள்தான் மூன்று வேளையும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே விருந்து வைத்துவிட்டால் ராத்திரிக்குப் பானை காலி.

களைத்த பிறகு படுத்தால் பலனில்லை, இரண்டு நாள் போய்விடும். களைப்பதற்கு முன்னாலேயே படுக்க வேண்டும். நான் 11 மணிக்கும் 3 மணிக்கும் 20 நிமிடம் கொல்லைப்புற அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறேன், போன் நடுவீட்டில். படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பது ஓய்வில் சேராது, சத்தியமாகச் சேராது. ஆடி மாதம்தான் பெரிய சோதனை. தெருக்கோடி மாரியம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர் விடிவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை. இப்போது மருந்துக்கடையில் காதடைப்பான் வாங்கி வைத்திருக்கிறேன், காப்புக் கட்டினால் பத்து நாள் அம்மா வீடு.

கல்யாண மண்டபத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், முதல் பந்தியில் உட்கார்ந்து, வந்துவிடுங்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் நோட்டு. எந்த ஆப்பும் எனக்கு இதற்கு ஈடாகவில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் காலையில் தாள் கிழிப்பது என் முதல் வேலை, கிழித்த தாளின் பின்பக்கம்தான் இன்றைய நோட்டு. மாத்திரை போட்டதும் ஒரு கோடு. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஞாபகத்தைக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள்.

சமையலறை, ஆறு, வலிப்பு

மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது, வாசனை நரம்புகள் அதன் துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. தலை குலுங்கும்போது அவை அறுந்துபோகலாம். எனக்குப் போய்விட்டது. கும்பகோணம் டிகிரி காபி என்று ஊரே கொண்டாடுகிறது, எனக்கு அது சூடு, கசப்பு, கொஞ்சம் இனிப்பு. வருத்தம் இருக்கட்டும், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: கேஸ் கசிந்தால் தெரியாது, பால் அடிபிடித்தால் தெரியாது, குழம்பு ஊசிப்போனால் தெரியாது. ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது வீட்டில் இன்னொருவர் பொறுப்பு. கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். அடுப்பை விட்டு நகர்ந்தால் கையில் கரண்டியோடு நகருங்கள், அது ஏன் கையில் இருக்கிறது என்று யோசிக்கும்போது அடுப்பு ஞாபகம் வரும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்தும் ஃபிட்ஸ் வரலாம். வரவில்லையே என்று மாத்திரையை நாமாக நிறுத்துவது மிகப் பெரிய தப்பு. வந்துவிட்டால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற வேலை வேண்டாம், இரும்பு ஒன்றும் செய்யாது. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. பக்கத்தில் இடிக்கிற பொருள்களை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைத்து, மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108. ஃபிட்ஸ் வருகிறவர்கள் படித்துறையில் தனியாக இறங்க வேண்டாம், ஆடிப்பெருக்கு அன்றைக்கும்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் குடமுருட்டி ஆற்றில்கூட இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நினைக்க முடியாது, இழுக்கும். வண்டி ஓட்டுவது, சாராயம் இரண்டும் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம், பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லை.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம், இவை வந்தால் எதையும் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனி வகை கிடையாது. அந்தக் காயம் எதை விட்டுச்சென்றதோ, கை கால் தளர்ச்சியோ பேச்சோ பார்வையோ, அந்த வகையில் அரசு மருத்துவமனையில் மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகை. கூடப் போகிறவர் பேசட்டும். நீங்கள் போய் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள், நான் அப்படித்தான் வந்தேன்.

இனி போன்

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், உலகமே என்னைப் போல வீட்டுக்குள் உட்கார்ந்தது. அப்போது ஒரு கோல வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அங்கே கிடைத்தவர் மதுரை அக்கா, மூளையில் ஆபரேஷன் ஆனவர். அவர் மூலமாகக் கோயம்புத்தூர் சார், பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தை வராது, மனசில் இருக்கும் வாக்கியத்தில் பாதிதான் வெளியே வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு தங்கை, அவளுக்கு ஒரு நோயும் இல்லை, கோலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஊரில் இருக்கிறவர்கள் அடிபடுவதற்கு முன்னால் இருந்த என்னைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய என்னை அதிலிருந்து கழித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பாசம்தான். இந்த மூன்று பேருக்கும் பழைய என்னைத் தெரியவே தெரியாது, நான் வந்ததே இப்படித்தான். அதில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. ஆனால் ஒன்று, அவர்கள் பார்ப்பது என்னுடைய நல்ல ஒரு மணி நேரத்தை. மீதி 23 மணி நேரத்தைப் பார்ப்பது வீட்டில் இருக்கிறவர்கள். போனில் இருப்பவர்கள்தான் என்னைப் புரிந்துகொள்கிறார்கள், வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்று தோன்ற ஆரம்பித்தால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

போனைத் தயார்செய்வது இப்படி. நீல டிக்கையும் கடைசியாகப் பார்த்த நேரத்தையும் அணைத்துவிடுங்கள், "பாத்துட்டு ஏன் பதில் போடல" என்ற பேச்சு பாதி குறையும். குழுக்களை மௌனமாக்குங்கள், முக்கியமானவர்கள் எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்க்கும்படி விடாதீர்கள், அமைப்பில் மாற்றலாம். எழுத்து அளவைப் பெரிதாக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். எழுதக் கஷ்டமாக இருந்தால் கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுதும், கொஞ்சம் உளறும், திருத்திக்கொள்ளலாம். எனக்கு ரொம்ப உதவியது பெயரைச் சேமிக்கும் விதம். வெறும் பெயர் போட்டால் ஒரு வாரத்தில் யாரென்று மறந்துவிடும். என் போனில் ஒருவர் பெயர் "மதுரை அக்கா, ரெண்டு பொண்ணு, சத்தம் ஆகாது, போன் பண்ணாதே எழுது".

சொல்லிவிடுவதா வேண்டாமா?

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் பேசியும் நிற்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், கதையாக இல்லாமல் மூன்று வரியில். நான் அனுப்புவது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொன்னால் சொல்லிட்டீங்க என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். இரண்டு நாள் பதில் வராவிட்டால் கோபம் இல்லை, படுத்திருக்கிறேன்."

யாழ்ப்பாணத் தங்கை ஒரு நாள் எழுதினாள், "அக்கா, இந்தக் கதையை நாலாம் தரம் சொல்லுறியள், ஆனா இந்த முறைதான் முடிவு வேற." சிரித்து முடிக்க எனக்கு அரைமணி ஆனது.

கோயம்புத்தூர் சாரோடு ஆரம்பத்தில் பெரிய இழுபறி. அவருக்கு எழுத வராது, நீளமாகக் குரல் அனுப்புவார், நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்கும் மௌனமே ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். இரண்டு பேருக்கும் மனசு கஷ்டம். கடைசியில் பேசி முடிவு செய்தோம்: அவர் அரை நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார், வார்த்தை வராவிட்டால் படம் அனுப்புவார். நான் ஆம், இல்லை என்று பதில் வரும்படியான கேள்வியாகக் கேட்பேன். ஒரு நாள் அவரிடமிருந்து வந்தது வெண்டைக்காய் படம், அழுகிற முகம், ஒரு தட்டு. அவர் வீட்டில் மூன்றாவது நாளாக வெண்டைக்காய். இதற்கு எந்த வார்த்தை வேண்டும்?

கோபம் வரும்

அடக்குகிற இடத்தில்தான் அடி, அதனால் கோபம் வரும், அதுவும் சாயங்காலம் 6 மணிக்கு மேல், படி காலியான பிறகு. ஒரு நாள் குழுவில் ஒருவர் என் கோலத்தில் புள்ளி தப்பு என்றார். தப்புதான். நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது. காலையில் பார்த்தபோது அது நான் எழுதியது மாதிரியே இல்லை.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம்: 6 மணிக்கு மேல் யாருக்கும் பதில் கிடையாது, படிப்பது மட்டும். கை துறுதுறுத்தால் எழுதி எனக்கே அனுப்பிக்கொள்வேன், வாட்ஸ்அப்பில் நம் எண்ணுக்கே செய்தி அனுப்பலாம். காலையில் காபிக்குப் பிறகு பார்த்து, இன்னும் அனுப்பலாம் என்று தோன்றினால் அனுப்புவது. பத்தில் ஒன்பது அனுப்ப மாட்டீர்கள். மீறிப் போய்விட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஏறக்குறைய இரண்டு நாள் வரை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். ஆனால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், படித்தவர் படித்திருப்பார். "நேற்று எழுதியது தப்பு" என்று ஒரு வரி போதும். காயத்தைக் காரணமாகச் சொல்லலாம், ஒவ்வொரு தடவையும் அதையே சாக்காக வைத்துக்கொண்டால் மனிதர்கள் நகர்ந்துவிடுவார்கள். எனக்கு ஒருவர் அப்படி நகர்ந்துபோனார், அது அவர் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

மனசு ரொம்பக் கீழே போனால், இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றினால், நண்பரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

பணம்

அறிமுகமான ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் என்று 4,000 ரூபாய் கேட்டார், அனுப்பினேன். எட்டு நாள் கழித்து அதே காரணம், அதே தொகை, திரும்பவும் அனுப்பினேன். முதல் தடவை அனுப்பியது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை, அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. வீட்டுக்காரர் பாஸ்புக் பார்த்துக் கேட்டபோது அவமானமாக இருந்ததே தவிர எதையும் மறைக்க முடியவில்லை.

இப்போது போனோடு இணைத்திருப்பது ஒரு தனிக் கணக்கு, அதில் எப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் இருக்காது. வங்கியில் கேட்டால் ஒரு நாளைய வரம்பையும் குறைத்துக்கொடுப்பார்கள். யார் கேட்டாலும் ஒரே பதில், "வீட்டில் கேட்டுச் சொல்றேன்". உண்மையான நண்பர் அதில் கோபப்பட மாட்டார். நமக்குப் பணம் வர ரகசிய PIN நம்பர் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னால் அது நம் பணம் போகிற வழி. போலீஸ் என்று வீடியோவில் வந்து டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டினால் அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது, துண்டித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண்.

மூளை நரம்பு வளர லேகியம், எண்ணெய் என்று தேடி வந்து விற்பவர்களும் இந்த வகைதான். ஃபிட்ஸ் மாத்திரையோடு என்ன சேரும் என்ன சேராது என்று நியூரோ டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்காதீர்கள். பெண்களுக்கு இன்னொன்று: ராத்திரி வீடியோவில் வா, போட்டோ அனுப்பு என்று ஒருவர் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், பிளாக். தப்பாக நினைத்துவிட்டோமோ என்று மூளை அப்புறம் குடையும், குடையட்டும்.

நேரில் பார்ப்பது

மதுரை அக்காவை நேரில் பார்த்தது இரண்டு வருஷம் பேசிய பிறகு. இடம் தஞ்சாவூர் பெரிய கோவில், காலை 7 மணி, வெயில் ஏறுவதற்கு முன்னால். பிரதோஷம் இல்லாத நாளா என்று காலண்டரில் பார்த்துக்கொண்டோம், பிரதோஷத்தன்று கூட்டத்தில் நம்மால் நிற்க முடியாது. பஸ் வேண்டாம் என்று பாசஞ்சர் ரயிலில் போனேன், கூட வீட்டுக்காரர். அக்காவோடு அவர் பெரிய பெண். ஒரு மணி நேரம் என்று முன்னாலேயே பேசிக்கொண்டது. திருச்சுற்று மாளிகை நிழலில், லிங்க வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பேசியது கால்மணி இருக்கும், மீதி நேரம் இரண்டு பேரும் சும்மா புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போனில் பேசிப் பேசி, பேசாமல் இருக்கவும் இவரோடு முடியும் என்று தெரியாமலே இருந்திருக்கிறது. அடுத்த இரண்டு நாள் முழுக்கப் படுக்கை, அதையும் கணக்கில் வைத்துத்தான் தேதி பார்க்க வேண்டும். நீங்களும் பகலில், பொது இடத்தில், கூட ஒருவரோடு, முடிவு நேரத்தோடு போங்கள்.

காணாமல் போகும் நாட்கள்

படுக்கையில் கிடக்கும் நாளில் "எப்படி இருக்கீங்க" என்ற கேள்விக்குப் பதில் எழுதுவதே மலை. அதனால் ஒரு அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் காலையில் வாசல் கோலத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புகிறேன், எழுத்து ஒன்றும் கிடையாது. முடியாத நாளில் வெறும் 3 புள்ளி வைத்து ஒரு சுழி. அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல். இரண்டு நாள் கோலம் வராவிட்டால் என் வீட்டுக்காரருக்கு போன் பண்ணுவார். நவம்பர் மழையில் ஒரு தடவை கரண்ட் போய் போன் அணைந்து அப்படித்தான் ஆனது, மூன்றாம் நாள் காலை அவர் கூப்பிட்டு, "பயந்துட்டேன் தம்பி, கோலம் வரல" என்றாராம். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் அந்தப் படங்கள் எதற்கு என்று புரிந்தது.

இதற்கு அக்காவிடம் வீட்டில் ஒருவர் எண் இருக்க வேண்டும், வீட்டில் அக்கா எண் இருக்க வேண்டும். போனில் மட்டும் வைத்தால் போதாது, தாளில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே இருக்கிறது.